ஏரிக்கு எண்ணெய் தேய்த்த காலம்

எனக்குக் கிடைத்த முதல் சர்க்கார் உத்தியோகம் ஏரிக்கு எண்ணெய் ஊற்றுவது. இப்போது இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அப்போதும் நம்பவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில், "மாப்பிள்ளைக்கு என்ன வேலை?" என்று கேட்டார்கள். என் மாமா கொஞ்சம் யோசித்து, "தண்ணி இலாகா" என்றார். அவர்கள் என்னை ஓவர்சியர் என்று நினைத்துக்கொண்டு இரண்டாம் தடவையும் கேசரி வைத்தார்கள். உண்மை தெரிந்த பிறகு அந்தப் பக்கமிருந்து ஒரு கடுதாசிகூட வரவில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையை நான் இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் கணக்கில் கவிழ்ந்திருந்தேன். ஆத்தூரிலிருந்து சேலத்துக்கு வந்து வேலை தேடி அலைந்தபோது, மலேரியாவை ஒழிக்கத் தற்காலிகமாக ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். ஒரு தகரக் கொட்டகையில் மூன்று நாள் பயிற்சி. ஒரு டாக்டர் கண்ணாடி ஜாடி நிறைய அழுக்குத் தண்ணீரைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். தண்ணீரின் மேல்பரப்போடு ஒட்டிக்கொண்டு சின்னச் சின்னப் புழுக்கள் படுத்திருந்தன.

"இதுதான் நாளைக்குக் கொசு ஆகும். மேலே வந்துதான் மூச்சு விடும். மேலே எண்ணெய் படர்ந்தால் மூச்சு முட்டிச் சாகும். அவ்வளவுதான் சாஸ்திரம்" என்றார் டாக்டர்.

கணக்கு இல்லாத சாஸ்திரம் என்பதால் எனக்கு உடனே புரிந்துவிட்டது.

என்னை ராசிபுரத்துக்கும் மல்லசமுத்திரத்துக்கும் நடுவே இருந்த ஒரு நெசவாளர் ஊருக்கு அனுப்பினார்கள். ஒரு மாட்டு வண்டி, இரண்டு பீப்பாய் எண்ணெய், முதுகில் மாட்டிக்கொள்ளும் ஒரு பித்தளைப் பம்பு. பீப்பாயில் இருந்தது மண்ணெண்ணெயும் கறுப்பான ஏதோ இயந்திர எண்ணெயும் சேர்ந்த கலவை. வாரம் ஒரு தடவை ஏரியின் கரையோரம் முழுக்கச் சுற்றிவந்து அதை அடிக்க வேண்டும். ஊர்ச் சாவடியில் ஒரு மூலையில் நான் தங்கிக்கொள்ள வேண்டும்.

அந்த ஏரி நான் போவதற்கு முன்னால் பளிங்கு போல இருந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மேற்குக் கரையில் இரண்டு சாயப் பட்டறைகள் இருந்தன. அவை ஒரு நாள் சிவப்பாகவும் ஒரு நாள் நீலமாகவும் தண்ணீர் விட்டன. தெற்கே ஊர் எருமைகள் எல்லாம் கழுத்தளவு தண்ணீரில் கிடந்து செய்ய வேண்டியதை அங்கேயே செய்தன. வடக்கே, எருமைகளைவிட மதிப்பு மிக்கவர்கள் விடிகாலையில் சொம்பில்லாமல் வந்து ஏரியையே சொம்பாக உபயோகித்தார்கள். கிழக்கே ஒரு படித்துறை. அங்கேதான் பெண்கள் நூல் அலசினார்கள். கோயில் பூசாரி பழைய மாலைகளை எல்லாம் எடுத்து வந்து, "கங்கையில் விடுகிறேன்" என்று சொல்லிக்கொண்டு, அந்தப் படித்துறையில்தான் வீசினார். எல்லாவற்றுக்கும் மேலே பச்சையாக ஒரு பாசி ஆடை படர்ந்திருந்தது.

முதல் நாள் பம்பை மாட்டிக்கொண்டு நான் கரையிறங்கியபோது ஊரே கூடிவிட்டது. எண்ணெய் தண்ணீரில் விழுந்ததும் அடடா, அது ஓடிய ஓட்டம்! ஒரு கை எண்ணெய் ஒரு களத்து அகலத்துக்குப் பரவியது. வெயில் பட்டதும் மயில் கழுத்து நிறம், கத்திரிப்பூ நிறம், பொன்னிறம் எல்லாம் மாறி மாறி மின்னின. கூட்டத்தில் நின்ற ஒரு பெண் கேட்டார்:

"ஏனுங் சாமி, இன்னைக்கு எண்ணெய் தேச்சாச்சு. அரப்பு எப்பத் தேய்ப்பீங்க?"

ஊர் சிரித்தது. தலையில் எண்ணெய் தேய்த்தால் பிசுக்குப் போக அந்தப் பக்கத்தில் அரப்புத்தூள்தான் தேய்த்துக் குளிப்பார்கள். அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். தறிக்காரர் ஒருவரின் மனைவி. நூலுக்குக் கஞ்சி போடுவதில் ஊரில் அவரை மிஞ்ச ஆளில்லை, வாயிலும் இல்லை. நான் அவரை 'அக்கா' என்று அழைக்க ஆரம்பித்தேன். அவர் என்னைக் கடைசிவரை 'சாமி' என்றுதான் அழைத்தார். அந்தப் பக்கத்தில் மூத்தவர், இளையவர், கைக்குழந்தை எல்லோரும் சாமிதான் என்பது தெரியாமல், முதல் வாரம் முழுக்க எனக்குக் கொஞ்சம் கர்வமாகவே இருந்தது.

நாலாவது நாள் அந்த அக்கா சாவடிக்கு வந்து, ஈர நூல் கட்டு ஒன்றை என் பாய்மேல் தொப்பென்று போட்டார்.

"மோந்து பாருங்க."

மோந்து பார்த்தேன். என் உத்தியோகத்தின் வாசனை வந்தது.

"அலசறப்பவே எண்ணெய் புடிச்சிக்குது. எண்ணெய் புடிச்ச நூல்ல கஞ்சி ஏற மாட்டேங்குதுங்க. கஞ்சி ஏறாத நூலு தறியில பொட்டுப் பொட்டுனு அறுந்து போகுது. எங்க ஊட்டுக்காரரு நெய்யறாரா, முடிச்சுப் போடறாரான்னே தெரியல. நூலு கெடைக்கறதே குதிரைக் கொம்பா இருக்குது, இதையும் நாசம் பண்ணிப்போட்டா நாங்க என்னத்தத் திங்கறது?"

"அக்கா, நான் ஊற்றாவிட்டால் காய்ச்சல் வரும்" என்றேன்.

"ஊத்தியும்தானுங்க வருது. எங்க ஊட்டுக்காரரு ஒரு நாள் உட்டு ஒரு நாள் கட்டிலோட சேந்து ஆடறாரு."

படித்துறைப் பக்கத்தை மட்டும் விட்டுவிட எனக்கு அதிகாரம் இல்லை என்றேன். "அதிகாரம் இல்லாதவருக்கு எதுக்குங்க அத்தனை பெரிய பம்பு?" என்று கேட்டுவிட்டு, நூலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இதற்குப் பிறகு ஒரு விசித்திரம் நடக்க ஆரம்பித்தது. காலையில் நான் எண்ணெய் அடித்துவிட்டுப் போவேன். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் ஏரியின்மேல் பொட்டு எண்ணெய் இருக்காது. கரண்டியில் தண்ணீர் மொண்டு பார்த்தால் புழுக்கள் ஆரோக்கியமாக நெளிந்துகொண்டிருக்கும். காற்று அடித்துப் போயிருக்கும் என்று நினைத்தேன். எருமைகள் பூசிக்கொண்டு போயிருக்கும் என்று நினைத்தேன். எருமைகள் அப்போது நிஜமாகவே பளபளவென்று இருந்தன. ஈ மொய்க்கவில்லை என்று அவற்றின் சொந்தக்காரர்களுக்குச் சந்தோஷம். ஆனால் எந்த எருமையும் ஒரு ஏரி எண்ணெயைப் பூசிக்கொள்ள முடியாது.

மூன்றாவது வாரம் எங்கள் இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்தார். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, தலையில் ஒரு சோலா தொப்பி. மலேரியா இலாகாவில் சேர்வதற்கு முன்னால் அவர் ஏதோ ஒரு ஆபீசில் முத்திரை குத்திக்கொண்டிருந்தவர். அதனால் எதைப் பார்த்தாலும் ஓங்கி அடிக்கும் பழக்கம் இருந்தது. கரண்டியில் தண்ணீரை மொண்டு பார்த்தார். புழுக்கள் அவரையும் பார்த்தன.

"எண்ணெய் எங்கேப்பா?"

"நேற்றுதான் அடித்தேன், சார்."

"நேற்று அடித்த எண்ணெய் இன்றைக்கு எங்கே? எவனுக்கு விற்றாய்?"

மண்ணெண்ணெய் அப்போது ரேஷன். ஒரு குடும்பத்துக்கு மாதத்துக்கு ஒரு சின்ன புட்டி. அதையும் பதுக்கினால் ஜெயில். சர்க்கார் எண்ணெயைத் திருடி விற்றவன் என்று பெயர் எடுத்தால் ஆத்தூருக்கே திரும்பிப் போக முடியாது. நான் குலதெய்வத்தின்மேல் சத்தியம் செய்தேன். குலதெய்வத்தைத் தனக்குத் தெரியாது என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். மூன்று வாரம் கழித்து வருவதாகவும், அப்போதும் புழு இருந்தால் தன்னோடு ஒரு போலீஸ்காரரும் வருவார் என்றும் சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

அன்று சாயங்காலம் மணியக்காரரிடம் போய் முறையிட்டேன். அவர்தான் ஊரின் பெரிய அதிகாரி. நான் சொன்னதை எல்லாம் மிகுந்த அனுதாபத்தோடு கேட்டுக்கொண்டே வந்தவர், பொடி போட்டுத் தும்மினார். துண்டில் மூக்கைத் துடைத்தார். துண்டு கன்னங்கரேலென்று ஆனது. அப்போதுதான் அவருடைய மூக்கைப் பார்த்தேன். இரண்டு துவாரமும் அடுப்புப் புகைக்கூண்டு போல இருந்தன.

மறுநாள் காலையில் தெருவில் நடந்து போகும்போது மூக்குகளை மட்டும் பார்த்துக்கொண்டே போனேன். தறிக்காரர் மூக்கு கறுப்பு. வாத்தியார் மூக்கு கறுப்பு. பூசாரியின் மூக்கு கறுப்பு. கோயிலுக்குள் எட்டிப் பார்த்தேன், அம்மனின் மூக்கும் கறுப்பு. சர்க்கார் எண்ணெய் இந்த ஊரில் வீடு வீடாக எரிந்துகொண்டிருந்தது! கறுப்பு எண்ணெய் கலந்தது என்பதால் விளக்கு வெளிச்சத்தைவிடப் புகையைத்தான் அதிகம் கொடுத்திருக்கிறது.

அடுத்த தடவை எண்ணெய் அடித்த அன்று, பொழுது சாய்வதற்கு முன்னாலேயே போய்க் கரைமேல் இருந்த கருவேலம் புதருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். வெயில் தாழ்ந்ததும் பெண்கள் வந்தார்கள். இரண்டு பேர் ஒரு பழைய சேலையை நீளமாகப் பிடித்து, தண்ணீரின் மேலாக மெல்ல இழுத்துக்கொண்டு போனார்கள். எண்ணெயெல்லாம் சேலையோடு வந்தது. கரையில் அதை முறுக்கிப் பானையில் பிழிந்தார்கள். பானையில் தண்ணீர் கீழே தங்கியதும் மேலே நின்ற எண்ணெயை அகப்பையால் எடுத்துப் புட்டிகளில் ஊற்றினார்கள். தயிர் கடைந்து வெண்ணெய் எடுக்கிற அதே சுத்தம், அதே வேகம். சேலையின் ஒரு முனையில் நின்றது அந்த அக்காதான்.

புதரை விட்டு வெளியே வந்தேன். மற்றவர்கள் பானையை மறைத்தார்கள். அக்கா மறைக்கவில்லை.

"அக்கா, என்னை ஜெயிலுக்கு அனுப்பப் பார்க்கிறீர்களா?"

"உங்களை எதுக்குங்க அனுப்பறது? நாங்க ஏரியச் சுத்தம் பண்றமுங்க."

"இது சர்க்கார் எண்ணெய்."

"சர்க்காரு வேண்டாம்னு ஊத்திப்போட்ட எண்ணெய். ஊட்டுல வெளக்கெரிக்க ஒரு புட்டி குடுக்காத சர்க்காரு, கொசுவுக்குப் பீப்பாய் பீப்பாயாக் குடுக்குது. கொசு எந்த ஊருல வரி கட்டுதுங்க?"

இந்தக் கேள்விக்குப் பயிற்சியில் பதில் சொல்லித் தரவில்லை. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இன்ஸ்பெக்டரோடு போலீஸ்காரர் வரப்போவதைச் சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன் என்று இப்போது எழுதுவதில் வெட்கமில்லை. இருபத்திரண்டு வயதில் ஒரு புழுவுக்காக ஜெயிலுக்குப் போவதென்றால் யாரும் அழுவார்கள்.

அந்த அக்காவின் முகம் மாறியது. "நாளைக்குக் காலைல எங்க ஊட்டுக்கு வாங்க சாமி. அந்தப் புழுவப் புடிச்சுக்கிட்டு வாங்க" என்றார்.

மறுநாள் ஒரு சொம்புத் தண்ணீரில் புழுக்களோடு போனேன். அவருடைய கணவருக்கு அன்று குளிர் வரும் நாள். மூன்று போர்வைக்கு அடியில் கிடந்தார். பல் தந்தியடித்தது. கட்டிலின் கால்கள் மண்தரையில் தாளம் போட்டன. அந்த நிலையிலும் என்னைப் பார்த்து, "வாங்க... எண்ணெய்க்காரரே... உக்... உக்காருங்க" என்றார்.

சொம்பைத் தறிமேட்டில் வைத்து, நாலு சொட்டு எண்ணெய் விட்டேன். அக்கா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்பு வேலையைப் பார்த்துவிட்டு வந்து மறுபடி பார்த்தார். புழுக்கள் மேலே வந்து முட்டின, திரும்பின, மறுபடி முட்டின. வெகுநேரம் கழித்து, ஒவ்வொன்றாக அசைவு நின்றது.

"இதுதானுங்களா இவரைப் புடிச்சு ஆட்டறது?"

"இது வளர்ந்து கொசுவாகி, கடித்தால்."

அவர் கட்டிலைப் பார்த்தார். சொம்பைப் பார்த்தார். "இத மொதல் நாளே சொல்லியிருக்கலாமுல்லங்க? நீங்க பாட்டுக்கு வந்தீங்க, ஊத்தினீங்க, போனீங்க. கெரகம், நாங்க ஏதோ சர்க்காருக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னு நெனச்சோம்."

உண்மையில் எனக்கு அது தோன்றவே இல்லை. எங்கள் இலாகாவில் யாருக்கும் தோன்றவில்லை.

ஒப்பந்தத்தை அவரே சொன்னார். ஊற்றிய எண்ணெயை மறுநாள் சாயங்காலம் வரை யாரும் தொடக் கூடாது. அதற்குள் புழு செத்துவிடும். பிறகு சேலை போட்டு எடுத்துக்கொள்வது ஊரின் உரிமை. ஆனால் நூல் அலசுகிற துறைக்கு எண்ணெய் வரவே கூடாது. அதற்கு என்ன செய்வது என்று நான் கேட்டபோது, அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"எண்ணெய் மேலதானுங்க போகுது? மேலயே ஒரு வேலி போட்டாப் போகுது."

இரண்டு நாளில் வேலி தயாரானது. வைக்கோலைத் தொடை கனத்துக்குப் பிரியாகத் திரித்து, முழுகிப் போகாமல் இருக்க இடையிடையே காய்ந்த சுரைக்குடுக்கைகளைக் கட்டினார்கள். கிணற்றில் நீச்சல் பழகுகிறவர்கள் முதுகில் கட்டிக்கொள்கிற அதே குடுக்கைகள். அந்தப் பிரியைப் படித்துறையைச் சுற்றி அரைவட்டமாக மிதக்கவிட்டு, இரண்டு முனையையும் கரையில் முளையடித்துக் கட்டினோம். மேல்தண்ணீர் தடுக்கப்பட்டது, அடித்தண்ணீர் பாட்டுக்கு வந்து போனது. துறைக்குள் நூல் சுத்தமாக அலசப்பட்டது.

ஆனால் வேலியின் வெளிப்பக்கம் ஒரு வாரத்தில் என்ன சேர்ந்தது என்று சொன்னால் நீங்கள் சாப்பாட்டைத் தள்ளி வைக்க வேண்டியிருக்கும். என் எண்ணெய் அதில் மிகவும் கௌரவமான பொருள். சாயப் பட்டறையின் சிவப்பு நுரை, எச்சில் இலை, பூசாரியின் மாலைகள், தலைமயிர்ச் சுருள், பல்குச்சி, ஒரு செத்த பெருச்சாளி, இன்னும் ஊர்ப் பெரிய மனிதர்கள் விடிகாலையில் விட்டுச் சென்றவை. எல்லாம் ஒரு சாண் கனத்துக்கு அடை போல நின்றன. ஊரே வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தது. இத்தனை நாளும் இதுதான் துண்டு துண்டாக அவர்கள் காலைச் சுற்றி மிதந்துகொண்டிருந்தது.

"இது அத்தனையும் எண்ணெய்க்காரரு வந்தப்பறம்தான்" என்றார் மணியக்காரர்.

"ஆமாங்க, பல்குச்சியும் அவரு பம்புலதான் வந்துதுங்க" என்றார் அக்கா.

பட்டறைக்காரர்கள் பூசாரியைச் சொன்னார்கள். பூசாரி எருமைக்காரர்களைச் சொன்னார். எருமைக்காரர்கள் வடக்குக் கரையைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் பெரிய மனிதர்கள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் வேலை வந்துவிட்டது. கடைசியில் பெண்கள்தான் கூடையில் வாரிக் குப்பைமேட்டில் போட்டார்கள்; வார வார, சாயமும் எண்ணெயும் மறுபடி வந்து சேர்ந்தன. பூசாரி மட்டும் அதன் பிறகு மாலைகளைத் தென்னைக்கு அடியில் போட ஆரம்பித்தார். பக்தியினால் அல்ல, அக்காவுக்குப் பயந்து.

சொன்னபடி இன்ஸ்பெக்டர் வந்தார். போலீஸ்காரர் வரவில்லை, அவருக்கும் காய்ச்சலாம். வேலியைப் பார்த்ததும் இன்ஸ்பெக்டருக்குக் கோபம் வந்தது. உத்தரவில் இல்லாத பொருள் எதுவும் சர்க்கார் ஏரியில் மிதக்கக் கூடாது என்றார். கிட்டப் போய்ப் பார்ப்பதற்காகப் படித்துறையின் ஓரக் கல்லில் காலை வைத்தார். அந்தக் கல்லில் இருபது வருஷத்துக் கஞ்சி வழவழப்பு. வேலிக்கு உள்பக்கம் விழுந்திருந்தால் நனைந்ததோடு போயிருக்கும். வெளிப்பக்கம் விழுந்தார்.

தொப்பி முதலில் மேலே வந்தது. பிறகு அவர் வந்தார். கால்சட்டை முழங்கால் வரை சிவப்பு, அதற்கு மேலே நீலம், அதற்கு மேலே எல்லாம் கறுப்பு. மீசையிலிருந்து எண்ணெய் சொட்டியது. யாரும் சிரிக்கவில்லை. அவ்வளவு பேர் சேர்ந்து அவ்வளவு நேரம் சிரிக்காமல் இருந்ததை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

"இனி உங்க கிட்ட ஒரு கொசு வராதுங்க சாமி" என்றார் அக்கா.

அப்போது ஊர் வெடித்தது.

அரப்புத்தூள் கொண்டுவந்து கொடுத்தார்கள். மூன்று தடவை தேய்த்துக் குளித்து, மணியக்காரரின் வேட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்ததும் இன்ஸ்பெக்டர் பாதி மனிதராகிவிட்டிருந்தார். கரண்டியைக் கேட்டார். கரை முழுக்கச் சுற்றி மொண்டு பார்த்தார். ஒரு புழுகூட அகப்படவில்லை. மறுபடி வேலியண்டை வந்து, இந்த முறை தூரமாக நின்று, வெகுநேரம் பார்த்தார். பிறகு நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

அவர் எழுதிய அறிக்கையின் நகலைப் பிற்பாடு நான் சேலத்தில் பார்த்தேன். 'கீழே கையொப்பமிட்டவர் நீண்ட ஆராய்ச்சிக்குப் பின் கண்டுபிடித்த மிதக்கும் தடுப்பு' என்று இருந்தது. ஆராய்ச்சியின்போது அவர் எந்தப் பக்கம் விழுந்தார் என்பது அதில் இல்லை. அக்காவிடம் இதைச் சொன்னேன். "போவுது உடுங்க. பேரு அவருக்கு, தண்ணி எங்களுக்கு" என்றார்.

காய்ச்சல் குறைந்ததா என்று கேட்பீர்கள். அக்காவின் கணவருக்குக் குறைந்தது. ஆனால் அவருக்கு நான் கொயினா மாத்திரையும் கொடுத்து வந்தேன். எண்ணெய் குணப்படுத்தியதா, மாத்திரையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எனக்குக் காய்ச்சல் வந்தது என்பது மட்டும் நிச்சயம். கொசுவை ஒழிக்க வந்தவன் சாவடியில் பத்து நாள் கிடந்து ஆடினேன். அந்த வீட்டிலிருந்து வேளைக்கு வேளை கஞ்சி வந்தது. எனக்குக் கொடுத்தது போகத்தான் நூலுக்கு என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

நான் எழுந்து நடமாட ஆரம்பித்தபோது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஏரி நிரம்பி மறுகால் பாய்ந்தது. மிதந்துகொண்டிருந்த எண்ணெய், சாயம், மிச்சமிருந்த அசிங்கம் எல்லாம் அந்த வெள்ளத்தோடு கீழ் ஊர் ஏரிக்குப் போய்ச் சேர்ந்தன. மூன்றாம் நாள் கீழ் ஊர்க்காரர்கள் பத்துப் பேர் ஒரு குடத்துத் தண்ணீரோடு வந்தார்கள். குடத்தின் வாயில் மயில் கழுத்து நிறம் மின்னியது. இது யாருடையது என்று கேட்டார்கள். எங்கள் ஊர் முழுக்க ஒரே மனதாக என்னைக் காட்டியது.

அவர்கள் எழுதிய மனுவின்பேரில் மேலிடத்திலிருந்து எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது. மேல் ஏரியில் எண்ணெய் ஊற்றி வந்த நபர், இனிக் கீழ் ஏரியில் சேர்ந்துள்ள எண்ணெயை அகற்றும் பணியை மேற்கொள்ள வேண்டியது. சம்பளம் அதேதான்.

வண்டியில் சாமான் ஏற்றும்போது அக்கா வந்தார். பின்னால் நாலு பேர் வைக்கோல் பிரியையும் குடுக்கைகளையும் தூக்கிக்கொண்டு வந்து வண்டியில் போட்டார்கள். மழைத் தண்ணீரில் துறைக்கு இப்போதைக்கு வேலி தேவையில்லை என்றார். கீழ் ஊரில் அவருடைய நாத்தனாரைக் கொடுத்திருந்தார்கள். அவளும் நூல் அலசுகிறவள்.

"எப்படிக் கட்டறதுன்னு உங்களுக்குத் தெரியாது. நானும் வாரேன்" என்று சொல்லிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பீப்பாய்க்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.